வேகத்தைக் குறைத்தால் கோழையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மாரத்தான் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் பிரமாதம். ஆனால் நட்ட நடுவில் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் ஒரு வரி: "மன உறுதி உள்ளவர் வெயிலைக் கண்டு வேகத்தைக் குறைக்க மாட்டார்." இதை எழுதிய அன்பர் எந்த வெயிலில், எத்தனை கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து எழுதினார் என்று தெரிந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

நான் பேஸராக ஓடுகிறவன். முதுகில் நேரம் எழுதிய கொடியைக் கட்டிக்கொண்டு ஒரு கூட்டத்தைச் சீரான வேகத்தில் கூட்டிப்போகிற ஆள். தங்களுக்குத் தெரியாததல்ல. என் கொடியில் இருப்பது 5 மணி நேரம். மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டருக்கு அதைப் பிரித்தால், கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 நொடி. கணக்கு சுலபம்தான். சென்னைக் காற்றுக்குத்தான் இந்தக் கணக்கு தெரியாது. ஜனவரி மாதம் விடியற்காலை 4 மணிக்கு லேசான குளிர் மாதிரி இருக்கும், ஈரப்பதமோ பல நாள் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டிச் சொட்டி ரோட்டில் விழுவதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. சூட்டைத் தணிக்க ரத்தம் தோல் பக்கம் திரும்பும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்த மாதிரி நாட்களில் கைக்கடிகாரத்தை மறந்துவிட்டு மூச்சைப் பாருங்கள் என்கிறோம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிந்தால் சரி. பாதியில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறை.

தங்கள் கட்டம் கட்டிய வரியை நம்பும் பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு கல்லூரிப் பையன், "என்ன அங்கிள், நடக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு எங்களைத் தாண்டிப் போனான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் ஏறிய பிறகு, 30-வது கிலோமீட்டர் தாண்டி அவனை மறுபடி பார்த்தோம். "தண்ணி எங்க இருக்கு?" என்றான். அவன் கையிலேயே தண்ணீர் பாட்டில் இருந்தது. காட்டினோம். திரும்பவும் அதையே கேட்டான். நேராக ஓடத் தெரியாமல் தடுப்புப் பக்கமாகச் சாய்ந்து போனான். புத்தி தடுமாறினால் அது வெறும் களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). நல்லவேளையாக எங்கள் கூட்டத்தில் ஒரு டாக்டர் அம்மா இருந்தார். ஆம்புலன்சில் ஏற்ற வந்தவர்களைத் தடுத்து, "முதல்ல உடம்பைக் குளிர வைங்க, அப்புறம் தூக்குங்க" என்று சத்தம் போட்டு, தண்ணீர்ப் பந்தலில் இருந்த ஐஸ் மொத்தத்தையும் அவன்மேல் கொட்ட வைத்தார். பையன் பிழைத்தான். அவனுக்கு மன உறுதியில் ஒரு குறையும் இல்லை.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசாரோ வெயிலில் ஓடி விழுந்து மறுநாள் இறந்தாரே, அவருக்கும் உறுதி போதவில்லை போலிருக்கிறது. 2019-இல் தோஹா உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தும் 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அத்தனை பேரும் கோழைகளா? 2021-இல், 2:01:39 என்ற மாரத்தான் உலக சாதனையை அப்போது கையில் வைத்திருந்த கென்யாவின் கிப்சோகே, ஜப்பானில் சப்போரோவின் வெக்கையில் ஒலிம்பிக் தங்கத்தை 2:08:38-இல்தான் வென்றார். அவர் வேகத்தைக் குறைத்ததைத் தங்கள் கட்டுரையாளர் கவனிக்கவில்லை.

வெயில் மட்டுமில்லை. 2018-இல் பாஸ்டன் மாரத்தானில் உறைய வைக்கும் மழை, முகத்தில் அறையும் எதிர்காற்று. அமெரிக்க வீராங்கனை டெஸ் லிண்டனுக்கு அன்று ஓடி முடிப்போம் என்ற நம்பிக்கையே இல்லை. சக வீராங்கனை ஷலேன் பிளானகன் கழிப்பறைக்குப் போனபோது வேகத்தைக் குறைத்து, அவர் வரும்வரை காத்திருந்து, கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். கடைசியில் 2:39:54-இல் பந்தயத்தை வென்றதும் அதே லிண்டன்தான்.

சொல்ல ஆரம்பித்த பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் கோடைச் சிறப்பிதழில் "கிலோமீட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள்" என்று ஒரு குறிப்பு வந்தது. மாரத்தானுக்கு 21 லிட்டர் ஆகிறது. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனே 20 லிட்டர்தான் ஐயா. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆளையே சாய்த்துவிடும். 2002-இல் பாஸ்டனில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அப்போதும் எழுதினேன். பதில் இல்லை.

விழிப்புணர்வு ஓட்டம் என்று மே மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளை 6 மணிக்கே வரச்சொல்லி, சிறப்பு விருந்தினருக்காக 8 மணி வரை வெயிலில் நிறுத்தி வைக்கிறார்கள். மறுநாள் தங்கள் இதழில் விருந்தினர் கொடியசைக்கும் படம் நான்கு பத்தியில் வருகிறது. காத்திருந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நான் கேட்பது சின்ன விஷயம். தினமும் வானிலைக் கட்டத்தில் அதிகபட்சம், குறைந்தபட்சம் என்று இரண்டு எண் போடுகிறீர்கள். அதோடு காலை 5 மணி ஈரப்பதத்தையும் சேர்த்துப் போடுங்கள். ராகு காலம், எமகண்டத்துக்கு இடம் இருக்கும்போது இதற்கு இல்லாமல் போகாது.

கடிதத்தைச் சுருக்குவதானால் லிண்டன் பத்தியை மட்டும் நீக்குங்கள். இதற்கு முன் நான் எழுதியதில் பாராட்டிய இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டியிருந்தீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மந்தைவெளி, சென்னை-28