மறந்த கடவுச்சொல்லும் பேட்டரியைக் கழற்றும் யோசனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியைத் திறக்கும் கடவுச்சொல் மறந்துபோனால், பெட்டியைத் திறந்து மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி வைத்தால் போதும் என்று தங்கள் நாளிதழின் கேள்வி-பதில் பகுதியில் அண்மையில் கூறப்பட்டிருந்தது. கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதற்குச் சில விளக்கங்கள் தேவை எனக் கருதுகிறேன். அந்த யோசனை ஒரேயொரு வகைப் பூட்டுக்குத்தான் பொருந்தும். புதிய மடிக்கணினிகளிலோ அதுவே புதிய சிக்கலை உண்டாக்கிவிடக்கூடும்.

கடவுச்சொல்லை எந்தத் திரை கேட்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும், விண்டோஸ் சின்னம் தோன்றுவதற்கு முன்பே கேட்டால், அது பயாஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளின் பூட்டு. பழைய மேசைக் கணினிகளில் இந்தக் கடவுச்சொல் சீமாஸ் நினைவகத்தில் இருக்கும். சிஆர்2032 என்று மேலே பொறிக்கப்பட்ட, நாணய வடிவிலான 3 வோல்ட் பேட்டரிதான் மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்த நினைவகத்தைக் காக்கிறது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அதைக் கழற்றினாலோ, மதர்போர்டில் கடவுச்சொல்லை அழிப்பதற்கென உள்ள ஜம்பர் எனப்படும் சிறு ஊசிகளைக் கையேட்டில் சொல்லியபடி இணைத்தாலோ கடவுச்சொல் அழிந்துவிடும். கூடவே தேதியும் நேரமும் அழிந்துவிடும் என்பதால் அவற்றை உடனே சரிசெய்ய வேண்டும். இல்லையெனில் பல இணையதளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று கூறித் திறக்க மறுக்கும். ஆனால் பெரும்பாலான மடிக்கணினிகளில் பயாஸ் கடவுச்சொல் மின்சாரம் இல்லாமலும் தகவலைத் தக்கவைக்கும் சில்லில் பதிவாகியிருப்பதால், பேட்டரியை ஒரு வாரம் கழற்றி வைத்தாலும் பயனில்லை. வாங்கிய ரசீதுடன் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தை அணுகுவதே முறையான வழி.

விண்டோஸ் வந்த பிறகு பயனர் பெயருக்குக் கீழே கடவுச்சொல் கேட்கப்பட்டால், அதற்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைபவர்கள் கைபேசியிலேயே அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, கணினியை இணையத்தில் இணைத்துப் புதிய சொல்லைத் தரலாம். கணினிக்குள் மட்டுமே உள்ள கணக்கு என்றால், 2018இல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு முதல் மூன்று பாதுகாப்புக் கேள்விகளை அமைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. தவறான சொல்லைத் தட்டியதும் கீழே தோன்றும் இணைப்பை அழுத்தினால் அவை கேட்கப்படும். வீட்டில் வேறொருவருக்கு நிர்வாகி உரிமை உள்ள கணக்கு இருந்தால் அவரும் மாற்றித் தரலாம், ஆனால் அப்படி மாற்றும்போது அந்தப் பயனர் விண்டோஸிலேயே தனித்தனியாகக் குறியாக்கம் செய்து (அதாவது, சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றி) வைத்த கோப்புகள் திறக்காமல் போகும். எதுவும் கைகொடுக்காவிட்டாலும், குறியாக்கம் செய்யப்படாத ஹார்டு டிஸ்க்கை இன்னொரு கணினியில் இணைத்துப் படங்களையும் ஆவணங்களையும் நகலெடுத்துவிட முடியும். நுழைவுக் கடவுச்சொல் வாசலை மட்டுமே காக்கிறது, உள்ளே இருப்பதை மறைப்பதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. கடவுச்சொல்லை நொடியில் நீக்குவதாகக் கூறும் இலவச மென்பொருள்களைத் தேடி இறக்கிக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தங்கள் பகுதியில் குறிப்பிடாமல் விடப்பட்டது குறியாக்கம் பற்றிய செய்தி. விண்டோஸ் 11 உடன் வரும் மடிக்கணினிகள் பலவற்றில், முதன்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்தவுடன், உரிமையாளரிடம் தனியாகக் கேட்காமலேயே கோப்புகள் இருக்கும் வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. அதைத் திறக்கும் சாவியை டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லு காக்கிறது; கணினி தொடங்கும் முறையில் மாற்றம் எதுவும் நேரவில்லை என்று அது உறுதிசெய்த பிறகே சாவி கிடைக்கும். பேட்டரியைக் கழற்றியதால் பயாஸ் அமைப்புகள் மாறிவிட்டால் அந்த உறுதி கிடைக்காமல் போகலாம். அப்போது நீலத்திரை ஒன்று தோன்றி, ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். மறந்த சொல் ஒன்றாக இருந்தது, இப்போது தேட வேண்டிய எண் இன்னொன்றாகிவிடுகிறது.

அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். எவருடைய கணக்கு என்பதில்தான் குழப்பம் வருகிறது: கணினியை முதலில் அமைத்துக் கொடுத்தவர் மகனாகவோ, உறவினராகவோ, விற்றவராகவோ இருந்தால், சாவி அவருடைய கணக்கில் இருக்கக்கூடும். நீலத்திரையில் காட்டப்படும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை அந்தப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் சரியான சாவி எது என்று தெரிந்துவிடும். தாளில் எழுதி வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒவ்வொரு ஆறிலக்கத் தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும், வகுபடாவிட்டால் எழுதியதில் பிழை இருக்கிறது. சாவி எங்குமே இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் வட்டைத் திறந்து தர இயலாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவது ஒன்றே மிஞ்சும். ஆப்பிளின் மேக் கணினிகளில் ஃபைல்வால்ட் என்னும் வட்டுக் குறியாக்க வசதி இயக்கப்பட்டிருந்தால் அங்கும் மீட்புச் சாவியோ ஆப்பிள் கணக்கோ இன்றி வழியில்லை.

ஆகவே இனி இத்தகைய கேள்வி வரும்போது, எந்தத் திரையில் கடவுச்சொல் கேட்கப்படுகிறது, வட்டு குறியாக்கம் செய்யப்பட்டுள்ளதா என்ற இரண்டையும் வாசகரிடம் கேட்டறிந்த பிறகே விடையளிக்குமாறு அந்தப் பகுதியைக் கவனிப்பவரைக் கேட்டுக்கொள்கிறேன். கடவுச்சொல் இன்னும் நினைவில் உள்ள விண்டோஸ் 11 பயனர்கள் அமைப்புகளில் தனியுரிமை மற்றும் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்னும் குறியாக்க வசதி இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை இன்றே அச்சிட்டுக் கணினிப் பைக்கு வெளியே வைக்குமாறு ஒரு சிறு பெட்டிச் செய்தியும் வெளியிடலாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்