செயலாளர் ஆண்டறிக்கை (ஜூன் 2024 – மே 2025): நீலகிரி அரசுப் பள்ளிக் கணினி ஆய்வகப் பணியாளர்கள்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இந்த மழையிலும் கோத்தகிரி வரை வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பந்தலூர், கூடலூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இருட்டுவதற்குள் பஸ் ஏற வேண்டும். அதனால் சுருக்கமாக முடிப்பதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். போன வருடமும் அப்படித்தான் சொன்னேன்.

முதலில் உறுப்பினர் எண்ணிக்கை. சென்ற ஆண்டு 37 பேர் இருந்தோம், இப்போது 31. புதிதாக யாரும் சேரவில்லை. விலகிய ஆறு பேரில் இருவர் ஊட்டியில் தனியார் உறைவிடப் பள்ளிகளில் சிஸ்டம் அட்மினாகப் போனார்கள். ஒருவர் கோயம்புத்தூர் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஒருவர் அப்பாவின் தேயிலைத் தோட்டத்தையே பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றுவிட்டார். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத காலத்தில் ஒருவர் தோட்டத்துக்குத் திரும்புகிறார் என்றால் நம் சம்பளத்தைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. மீதி இருவரும் பெண்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதங்களைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

நம் வேலைக்கு ஆட்கள் நிற்காததற்கு ஒரு காரணம், இது என்ன வேலை என்பதே இன்னும் முடிவாகவில்லை என்பதுதான். மாநிலத்தில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்தார்கள். தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். கணினியையே தொட்டுப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளைகள் இன்று இணையவழித் தேர்வு எழுதுகிறார்கள். ஆனால் கருவி வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று நிரந்தரப் பணியிடம் போடவில்லை. முதலில் ஆசிரியர் ஒருவர் தலையில் கூடுதல் பொறுப்பாக வைத்தார்கள். பிறகு ஒப்பந்த நிறுவனம் வழியாக நம்மை எடுத்தார்கள். பதவியின் பெயர் அட்மினிஸ்ட்ரேட்டர் கம் இன்ஸ்ட்ரக்டர், சுருக்கமாக ஏ.ஐ. ஊரில் யாரிடமாவது "நான் ஏ.ஐ." என்று சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பெயரில் இரண்டு வேலை, செய்வது பத்து. எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், தலைமையாசிரியரின் போன் ரிப்பேர், ஆகஸ்ட் 15 அன்று மைக் செட், எல்லாம் நம்மிடம்தான். நாளை எமிஸில் ஏதாவது தவறினால் கையெழுத்துப் போட்ட ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்பதால் அவர்களுக்கும் நம்மைவிட்டால் வழியில்லை. மனம் நோகாமல் வேலையைப் பிரித்துக்கொள்ளும்படி தலைமையாசிரியர்களிடம் நேரில் பேசினோம். சில பள்ளிகளில் பலன் கிடைத்தது.

இனி மழை. ஒவ்வோர் ஆண்டும் இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம், இந்த ஆண்டும் அப்படியே. ஜூலையில் மழை விடுமுறை விட்டுப் பள்ளி திறக்கும் அன்றுதான் நமக்குத் தலைவலி தொடங்கும். பூட்டிக் கிடந்த அறைக்குள் மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாகவே வந்து உட்காரும். கணினிக்குள் இருக்கும் ராம் என்ற நினைவக அட்டையின் பற்களில் பச்சை பூத்திருக்கும், ப்ரொஜெக்டர் படம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துத் தெரியும். குந்தா வட்டத்தில் ஒரு பள்ளியில் ப்ரொஜெக்டர் விளக்கு போய்விட்டது என்று புதிது கேட்டு எழுதத் தயாராக இருந்தார்கள். நம் உறுப்பினரான தங்கை ஒருவர் போய்ப் பார்த்தார். விளக்கு நன்றாகவே இருந்தது. லென்ஸின் உட்புறம் பூஞ்சை. அவர் சொல்லிய வழியை எல்லோரும் பின்பற்றலாம்: பழைய போட்டோகிராபர்கள் கேமராப் பெட்டிக்குள் செய்வதுபோல், ப்ரொஜெக்டர் வைக்கும் பீரோவுக்குள் ஈரம் சேராமல் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவது. காகிதம், துணி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விடுமுறையிலும் வாரம் இருமுறை யாராவது போய் எல்லாக் கணினிகளையும் ஒரு மணி நேரம் ஓட்டினால் பாதி ரிப்பேர் வராது. விடுமுறையில் போவதற்கு யார் பஸ் காசு தருவார்கள் என்ற கேள்விக்கு இந்த ஆண்டும் பதில் வரவில்லை.

இடி அடுத்தது. நம் பள்ளிகள் சரிவில் படிப்படியாகக் கட்டியவை. லேப் ஒரு மேடையில், அலுவலகம் அடுத்த மேடையில். நடுவே கணினிகளை இணைக்கும் லேன் கேபிளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிடுகிறார்கள். ஏப்ரலில் கோடை இடி விழுந்தபோது ஒரு பள்ளியில் அந்தக் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் அத்தனை போர்ட்டும் ஒரே நொடியில் போயிற்று. கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இடத்தில் செம்புக் கம்பி வேண்டாம், மின்சாரம் கடத்தாத ஃபைபர் போடுங்கள் என்று நாம் எழுதிக் கொடுத்தோம். லேன் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே எழுதினோம். எர்த் குழியை மழைக்காலத்தில் அளந்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடும் பழக்கம் நிற்க வேண்டும். மார்ச்சில் மண் காய்ந்து பாறை தெரியும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கருவியை ஆன் செய்ய வேண்டாம்.

உறைபனிக் காலத்தில் யுபிஎஸ் பேட்டரி பற்றி ஒரே வரி. குளிரில் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். வெயில் ஏறினால் திரும்ப வரும். ஜனவரி காலையில் சோதித்துவிட்டு பேட்டரி செத்துவிட்டது என்று கீழே இருந்து வருபவர்கள் எழுதினால் நம்பிவிடாதீர்கள்.

கரடி விஷயத்தையும் பதிவு செய்ய வேண்டும். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவுக் கூடக் கதவை இரவில் உடைத்து, எண்ணெய் டின்னைக் காலி செய்துவிட்டுப் போனது. லேப் வாசல் கேமராவில் அது பதிவாகியிருந்தது. மறுநாள் வனத்துறை, தலைமையாசிரியர், வார்டு உறுப்பினர் மூவரும் தனித்தனியாக அந்தப் பதிவைக் கேட்டார்கள். நம் உறுப்பினர் மூன்று பென் டிரைவ் வாங்கிய பணம் இன்னும் யாரிடமும் வசூலாகவில்லை. கரடியிடம் கேட்கலாம் என்று பொருளாளர் சொன்னது குறிப்பேட்டில் ஏறவில்லை, இங்கே ஏற்றிவிட்டேன்.

குன்னூர் அரசு ஐடிஐயில் கோபா என்ற கணினி இயக்குநர் படிப்பு படிக்கும் பிள்ளைகள் சிலர் பிப்ரவரியில் நம்மிடம் வந்து, பள்ளியில் இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்டார்கள். அவர்களிடம் பூசி மெழுகிப் பேச வேண்டாம் என்று செயற்குழுவில் முடிவு செய்தோம். 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் எடுத்தார்கள். 12 ஆண்டுகள் கழித்து அது 12,500 ஆனது. 2025 மே வரை நிரந்தரம் ஆகவில்லை. 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 கணினிப் பயிற்றுநர் இடங்களுக்குத் தேர்வு வைத்தது. அது நிரந்தர வேலை, ஆனால் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். ஆகவே டிகிரியை விடாதீர்கள், பி.எட். முடியுங்கள், அதுவரை இந்த வேலையில் கை பழகுங்கள் என்றோம். ஒரு பையன், "அப்போ இது வேலை இல்லையா அண்ணா, டிரெய்னிங்கா?" என்று கேட்டான். நம்மில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

பிள்ளைகள் கேட்காத இன்னொன்று. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024–25க்கு ஒன்றிய அரசு தர வேண்டிய 2,151 கோடி ரூபாய் 2025 மே வரை தமிழ்நாட்டுக்கு வரவில்லை. தமிழ்நாடு அரசு அந்த மாதம் உச்ச நீதிமன்றம் போனது. அந்தத் திட்டப் பணத்தில் ஓடும் ஒவ்வொரு வேலையும் அதன் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கோரிக்கைகள் சென்ற ஆண்டு கொடுத்தவையே. சம்பளம் ஐந்தாம் தேதிக்குள், பிரசவ விடுப்பு, பணி அனுபவத்துக்கு நிரந்தரத் தேர்வில் மதிப்பெண். மூன்றாவது கோரிக்கையைக் கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்குச் சீல் மட்டும் கிடைத்தது.

மே 25, 26இல் சிவப்பு எச்சரிக்கை விட்டபோது நம்மில் பலர் பள்ளிக்குப் போய் இணைப்புகளைப் பிடுங்கி, கருவிகளை மேசை மேல் ஏற்றிவிட்டு வந்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. அவர்களுக்கு நன்றி.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கையிருப்பு குறைவு, சந்தா பாக்கி அதிகம், சண்டை வேண்டாம். பொதுவில் வாங்கிய கருவிப் பெட்டியில் மல்ட்டிமீட்டர், கேபிள் டெஸ்டர், தூசி ஊதும் ப்ளோயர் மூன்றும் இருக்கின்றன. லேன் கேபிள் முனையில் பின் மாட்டும் கிரிம்பிங் டூல் இல்லை. மார்ச்சில் மசினகுடிக்குப் போனது என்பது வரை குறிப்பேட்டில் இருக்கிறது. வைத்திருப்பவர் இன்று கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தந்துவிடவும். பேர் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்