குயின்ஸ் பூலவார்டில் கடை அடைத்துவிட்டார்கள்

ரீகோ பார்க், நியூயார்க்
2018 ஜூலை

அன்பு மவனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உம்மாவும் சுகம். இதைப் போனில் சொல்லத்தான் நினைத்தேன். நீ மீட்டிங்கில் இருந்தாய். சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன். நம்முடைய பென்ஸ் பெஸ்ட் சாப்பாட்டுக் கடையை ஜூன் கடைசியோடு மூடிவிட்டார்கள். 1945ல் தகப்பன் திறந்து, பிறகு மகன் நடத்திய கடை. 73 வருஷம்.

உனக்கு அது பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சாண்ட்விச் வாங்கித் தந்த இடம். அதற்கு முந்திய கதையை உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை.

1986ல் ரத்தினக் கல் வியாபாரத்துக்காகக் காயல்பட்டினத்திலிருந்து இங்கே வந்தேன். மன்ஹாட்டனில் நாற்பத்தேழாம் தெருவில் ஒரு யூத முதலாளியிடம் கல் தரம் பிரிக்கிற வேலை. எவ்வளவு பெரிய சரக்காக இருந்தாலும் கையைப் பிடித்து 'மஸல்' என்று சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது, அப்படிப்பட்ட தெரு அது. மூன்று மாதமாக நான் முட்டையும் மீனுமாகவே சாப்பிட்டுக் கொண்டிருந்ததை முதலாளி கவனித்திருக்கிறார். ஏன் என்று கேட்டார். ஹலால் கறி எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை என்றேன். "நீ ரீகோ பார்க்கில்தானே இருக்கிறாய்? அங்கே எங்கள் மத விதிப்படி நடக்கிற கோஷர் கடை இருக்கிறது. பன்றி கிடையாது. இறைவன் பேரைச் சொல்லித்தான் அறுக்கிறோம். போய்ச் சாப்பிடு" என்றார். பள்ளிவாசலில் ஆலிம்சாவிடமும் கேட்டுக்கொண்டேன். யூதர்கள் மாதிரி வேதம் அருளப்பட்டவர்கள் அறுத்தது நமக்கு ஆகும் என்றார்.

அன்று சாயங்காலமே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெரியவர், ஆவிப் பெட்டியைத் திறந்து ஒரு பெரிய கறித்துண்டை எடுத்தார். வெளியெல்லாம் கரிபோலக் கறுப்பு. அறுத்தால் உள்ளே நல்ல சிவப்பு. முதல் துண்டைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். பிஸ்மி சொல்லி வாயில் போட்டேன். மிளகு, கொத்தமல்லி விதை, பூண்டு! எனக்கு வாப்புமா போடும் உப்புக்கண்டம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கறிக்குப் பேர் பாஸ்ட்ராமி, அது ருமேனியா யூதர்கள் கொண்டுவந்த பக்குவம் என்று பிறகுதான் தெரிந்தது. மாட்டு நெஞ்சுப் பக்கத்துக் கறியை நாள்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மசாலா பூசி, புகை போட்டு, கடைசியில் ஆவியில் வேகவைக்கிறார்கள். வேகும்போது கறி சுருங்கிவிடும். வாங்கிய எடை விற்கிற எடையாகத் தேறாது. அதில் எவ்வளவு லாபம் நிற்கும், சொல்.

சாப்பிட்டு முடித்துக் காபிக்குப் பால் கேட்டேன். கறி விற்கிற கடையில் பால் வைக்கமாட்டோம் என்றார். அந்தக் கண்டிப்பைப் பார்த்த பிறகுதான், இவர்கள் கையால் நம்பிச் சாப்பிடலாம் என்று மனசு தெளிந்தது. உம்மா வந்த பிறகு அவளையும் அங்கேதான் முதலில் கூட்டிப் போனேன். நீ மேசையில் இருந்த ஊறுகாய் வெள்ளரிக்காயை எல்லாம் தின்று தீர்ப்பாய்.

மூடியதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பூலவார்டில் சைக்கிள் பாதை போட்டுக் கார் நிறுத்தும் இடங்களை எடுத்துவிட்டார்கள், வியாபாரம் விழுந்துவிட்டது என்று கடைக்காரர் வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் 1997ல் மட்டும் 18 பேர் நடந்து போகும்போது அடிபட்டுச் செத்த ரோடு அது. உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்தவன் நான். என்னால் அந்தப் பாதையைக் குறை சொல்ல முடியவில்லை.

பார்க்கப்போனால் இது ஒரு கடையின் கதை இல்லை. 1930களில் நியூயார்க்கில் இந்த மாதிரிக் கறி, சாண்ட்விச் விற்கிற கோஷர் டெலி 1,500க்கு மேல் இருந்ததாம். இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். ஸ்டேஜ் டெலி 2012ல் போனது, கார்னகி டெலி 2016 கடைசியில் போனது. 1888லிருந்து நடக்கிற காட்ஸ் இருக்கிறது, ஆனால் அது கோஷர் இல்லை, நமக்கு ஆகாது. அந்தக் காலத்து யூதர்களின் பிள்ளைகள் லாங் ஐலண்டுக்கும் ஃபுளோரிடாவுக்கும் போய்விட்டார்கள். இங்கே யூதர்கள் இல்லாமலில்லை. 108ஆம் தெரு முழுக்க உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த புகாரா யூதர்கள்தான். அவர்கள் சாப்பாடு வேறு. ஆட்டுக்கறி போட்ட சோறு, தந்தூர் ரொட்டி, கிட்டத்தட்ட நம் சாப்பாடு மாதிரி. பாஸ்ட்ராமி அவர்கள் வீட்டுப் பழக்கம் இல்லை.

நாமும் அப்படித்தான், மவனே. ஹலால் கறிக்கடை பக்கத்திலேயே வந்தது, வாரம் ஒரு தரம் போனவன் மாதம் ஒரு தரம் போனேன். அப்புறம் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். கடைசி இரண்டு வருஷத்தில் நான்கு தரம் போயிருந்தால் அதிகம். எனக்கு வேறு வழியில்லாத காலத்தில் சோறு போட்ட கடையை, வழி கிடைத்ததும் விட்டுவிட்டேன். நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு போனபோது வாசலுக்கு வெளியே வரை வரிசை. எனக்கு முன்னால் நின்ற அம்மா, பத்து வருஷம் கழித்து வருகிறேன் என்று சொல்லி அழுதார். நான் பேசாமல் நின்றேன்.

பாஸ்ட்ராமி முழுசாக, வெட்டாமல் இரண்டு பவுண்டு வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வருவாய் அல்லவா, இடியாப்பச் சட்டியில் ஆவி ஏற்றிவிடலாம் என்கிறாள் உம்மா. ரை ரொட்டிதான் எங்கே வாங்குவதென்று தெரியவில்லை. வரும்போது அங்கே நல்லதாகக் கிடைத்தால் ஒன்று வாங்கி வா.

துஆவுடன்,
வாப்பா