துணைக் கோச்சாகிவிட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

"கோச்னு பேருதான், ஜெர்சி துவைக்கிறேன், வேன் ஓட்டுறேன்" என்று நேற்று போனில் பொரிந்து தள்ளினாய். நடுவில் என்னைப் பேச விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து கோச் பேட் சம்மிட் வாங்கிய எட்டு தேசியப் பட்டங்களையும் வருஷத்தோடு ஒப்பிப்பாய். பட்டம் வருவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார். மேற்படிப்போடு துணைக் கோச்சாக இருக்கத்தான் டென்னசி பல்கலைக்கழகத்துக்குப் போனார். இருந்த கோச் விடுப்பில் போக, 1974இல் பெண்கள் அணி முழுசும் அவர் தலையில் விழுந்தது. வயது 22. சம்பளம் மாதம் 250 டாலர். வேன் ஓட்டியதும் அவர்தான், ஜெர்சி துவைத்ததும் அவர்தான். அந்த ஜெர்சியே டோனட் விற்ற காசில் வாங்கியது! வெளியூர் போனால் எதிரணியின் உள்ளரங்கத் தரையில் மெத்தை போட்டுப் படுத்ததும் உண்டு. முதல் ஆட்டத்தில் மெர்சர் பல்கலைக்கழக அணியிடம் 84-83, ஒரே ஒரு பாயின்ட்டில் தோல்வி. இதற்கு நடுவில் தானும் ஆடி, 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு வெள்ளி வாங்கினார்.

முதல் தேசியப் பட்டம் 1987இல்தான் வந்தது. உனக்கு இன்னும் ஒரு சீசன்கூட முடியவில்லை, அம்மா.

ஓய்வு பெறும்போது 1,098 வெற்றி. ஆனால் என்னை அசத்தியது அது இல்லை. அவருடைய டீம் பெண்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும். வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டத்தில் இடமில்லை. அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்த அத்தனை பேரும் பட்டதாரிகள். உன் டீமில் அரியர் வைத்திருக்கிறாளே ஒருத்தி, அவளுடைய த்ரீ பாயின்ட் ஷாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினாய், படிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

சம்மிட்டின் முறைப்பு பிரசித்தம். அதை மட்டும் பழகாதே. உனக்கு உன் அப்பாவின் முறைப்பே போதும்.

2011இல், 59 வயதில், அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்ததும் ஒளிக்காமல் ஊரறியச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு சீசன் கோச்சாகவே பெஞ்சில் இருந்தார். அந்த வருஷம் டீமைத் தோளில் சுமந்தது யார் என்கிறாய்? துணைக் கோச்சுகள். அவர்களில் ஹாலி வார்லிக் அவரிடமே ஆடியவர், பல வருஷம் துணையாகவே இருந்தவர். 2012இல் சம்மிட் விலகியதும் பொறுப்பு வார்லிக்கிடம்தான் போனது. நாலு வருஷத்தில் சம்மிட் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பெண்ணுக்கு எந்தப் பாடம் அரியர், பரீட்சை எப்போது என்று விசாரித்துச் சொல். கணக்கு என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் போனிலேயே நான் சொல்லித் தருகிறேன். வேறு பாடம் என்றால் நீதான் ஆள் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா