அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

பள்ளி நிர்வாகிகளுக்கும், பாதுகாப்புக் குழுக்களில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பெடுத்து வருகிறேன். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் 'பாதுகாப்புத் திட்டம்' என்று ஒரு கோப்பு எங்கள் கைக்கு வரும். கேமரா எத்தனை, வாசல் கதவை எப்போது பூட்டுவது, பார்வையாளர் பதிவேடு யாரிடம் இருக்கும், ஒத்திகை எந்த மாதம் என்றெல்லாம் அதில் இருக்கும். அவையெல்லாம் தேவைதான். ஆனால் நான் தேடுகிற ஒரு பக்கம் மட்டும் அதில் இருந்ததே இல்லை. நாளைக்கு ஒருவனை அடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அது யாரிடம் போய்ச் சொல்லும்? சொன்ன பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும்?

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி அலுவலகத்துக்கு வந்தான். கடைசி மணி அடித்ததும் பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் தன் நண்பனை அடிக்கப் போவதாகச் சொன்னான். உடனே அந்தப் பெரிய பையன்களை வரவழைத்தார்கள். அவனையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே, "இவன் சொல்றது உண்மையாடா?" என்று கேட்டார்கள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு அடிதடி நடக்கவில்லை. பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் கலைந்து போனோம். ஆனால் அந்த வருடம் முழுக்க அவனுக்குப் 'போட்டுக் கொடுத்தவன்' என்றே பெயர். யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. அடுத்த வருடம் மாடிப்படியில் இன்னொரு பையனின் மண்டை உடைந்தது. காலையிலிருந்தே பாதி வகுப்புக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். ஒரு மாணவி சொன்னாள்: "சொன்னா என்ன ஆகும்னுதான் போன வருஷமே பார்த்தோமே டீச்சர்."

இது ஒரு பள்ளியின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியால் சுட்டு நடத்திய படுகொலைக்குப் பிறகு, அந்நாட்டு அதிபருக்குப் பாதுகாப்புத் தரும் அமைப்பான சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் மாணவர்கள் திட்டமிட்டு நடத்திய 37 தாக்குதல்களை எடுத்துக்கொண்டு, 2002-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தச் சம்பவங்களில் 81 சதவீதத்தில், நடக்கப்போவது குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள், கூடப் படித்தவர்கள், உடன்பிறந்தவர்கள். தாக்கியவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள், படிப்பில் பின்தங்கியவர்களும் இருந்தார்கள். 'இப்படிப்பட்டவன்தான் செய்வான்' என்று எந்த அடையாளமும் சொல்ல முடியவில்லை. பலர் கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி வந்தவர்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அதே சீக்ரெட் சர்வீஸ் 2021-ல் மறுபக்கத்தையும் பார்த்தது. 2006 முதல் 2018 வரை, நடக்கும் முன்பே தடுக்கப்பட்ட 67 திட்டங்களை ஆராய்ந்தது. அவற்றில் பலவற்றைத் தடுத்தது, கூடப் படிக்கிற ஒரு பிள்ளை தான் பார்த்ததை அல்லது கேட்டதைப் பெரியவர் ஒருவரிடம் சொன்னதுதான்.

எல்லாப் பள்ளிகளிலும் துப்பாக்கி வரப்போவதில்லை. நாம் தினமும் பார்ப்பது வேறு வகை: கழிப்பறையில் வைத்து மிரட்டுவது, மாடிப்படித் திருப்பத்தில் தள்ளிவிடுவது, போனில் குழு ஆரம்பித்து ஒருத்தியைக் கேலி செய்வது, கடைசி மணிக்குப் பிறகு வாசலில் காத்திருப்பது. உலகம் முழுவதும் மூன்றில் ஒரு மாணவர், கடந்த ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்டிருக்கிறார் என்று யுனெஸ்கோ 2019-ல் சொன்னது. இவையும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரிகின்றன, நமக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். திட்டத்தை எழுதும்போது இந்தப் பக்கத்தை முதலில் எழுதுங்கள். பெயர் சொல்லாமல் தகவல் தர ஒரு வழி வேண்டும். அது ஒரு பெட்டியாக இருக்கலாம், போன் எண்ணாக இருக்கலாம். பெட்டியை அலுவலக வாசலில் வைக்காதீர்கள். யார் போடுகிறார்கள் என்று எல்லோரும் பார்க்கிற இடம் அது. அதை யார் திறப்பது, எத்தனை மணி நேரத்துக்குள் விசாரிப்பது, அவர் விடுப்பில் இருந்தால் வேறு யார் பார்ப்பது என்பதெல்லாம் பெயரோடு எழுதப்பட வேண்டும். வந்து சொன்ன பிள்ளையின் பெயர் அந்த அறையைத் தாண்டிப் போகக்கூடாது. பெட்டியைவிடப் பெரிய விஷயம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியில் நம்பிப் பேச ஒரு பெரியவராவது இருக்கிறாரா என்பது. ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து வகுப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'இந்தப் பிள்ளை என்னிடம் வந்து பேசும்' என்று எந்தப் பெயருக்கு யாராலும் கை தூக்க முடியவில்லையோ, அந்தப் பிள்ளையிடமிருந்து ஆரம்பியுங்கள்.

போட்டுக் கொடுப்பது வேறு, ஒருவனை ஆபத்திலிருந்து காப்பாற்றுவது வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே பேசிப் புரியவைக்க முடியும். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில், மாணவர்களுக்குள் நடக்கும் துன்புறுத்தலைத் தடுக்க உருவான கிவா திட்டம், அடிக்கிறவனையும் அடி வாங்குகிறவனையும் மட்டும் பார்ப்பதில்லை. சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டத்திடமும் பேசுகிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் பாதிக் கேலி அப்போதே அடங்கிவிடும் என்பதை நானும் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், தகவல் வந்ததும் நாம் என்ன செய்கிறோம் என்பது. மிரட்டினான் என்று தெரிந்தவுடன் டி.சி. கொடுத்து அனுப்புவது நமக்குச் சுலபம். அந்தப் பையனின் கோபம் அவனோடு வெளியே போகிறது, அவனைக் கவனிக்க அங்கே யாரும் இல்லை. சின்னத் தவறுக்கும் விட்டுக்கொடுக்காமல் கடுமையாகத் தண்டிக்கும் முறைகள் பள்ளிகளைப் பாதுகாப்பாக்கியதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2008-லேயே எழுதிவிட்டது. 2013-ல் வர்ஜீனியா மாநிலம் வேறு வழியைச் சட்டமாக்கியது. அங்கே மிரட்டல் வந்தால் ஒரு குழு உட்கார்ந்து விசாரிக்கிறது. கோபத்தில் வாய்விட்டதா, உண்மையிலேயே திட்டம் இருக்கிறதா, இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கிறது. தண்டனை தேவைப்பட்டால் கொடுக்கட்டும், ஆனால் முதலில் கேட்கட்டும். குழந்தைகளிடம் பேசத் தெரிந்த ஓர் ஆலோசகர் இல்லாமல் இது நடக்காது. அடுத்த கேமராவுக்கு ஒதுக்கும் பணத்தை முதலில் இதற்கு ஒதுக்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொரு சின்ன வேலை. பள்ளியின் வரைபடத்தை எல்லா வகுப்புகளுக்கும் கொடுத்து, பயமாக இருக்கும் இடங்களில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். ஒரு பாடவேளை போதும். புள்ளிகள் குவிகிற இடத்தில் இடைவேளையில் ஓர் ஆசிரியர் நிற்கட்டும்.

அந்த எட்டாம் வகுப்புப் பையன் பள்ளியை விட்டுப் போகும் முன்பு, அன்றைக்கு அறையில் பேசாமல் நின்றதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே யாராவது வந்து சொன்னா, அவங்க பேரைச் சொல்லாதீங்க" என்றான்.

அவன் சொன்னதைத்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை