பைண்டிங் கணக்கு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. விடைத்தாள் திருத்துவதில் மாட்டிக்கொண்டதால் இன்றைக்குத்தான் எழுத உட்கார முடிந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர்களுக்கு நீ இன்னும் பழைய சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பையன்தான், "அவனும் டாக்டராகப் போறானா" என்று ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

சரி, நீ கேட்டதுக்கு வருகிறேன். ஆறு பிரதி அடித்து பைண்டிங் பண்ண இருபதாயிரம் ஆகும் என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவெல்லாம் ஆகாது. ஆனால் எனக்கு எவ்வளவு ஆனது, எதில் ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதில் பாதி என் அவசரத்துக்குக் கொடுத்த காசு.

என்னுடையது 268 பக்கம். ஏற்காட்டு மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் (கேரளத்தவர் இல்லை) பாட்டுகளைச் சேகரித்தேன் இல்லையா, அதனால் படங்கள் நிறைய. கலர் பக்கம் 24 வரும் என்று வீட்டிலேயே எண்ணி எழுதிக்கொண்டு போனேன். பாண்ட் தாளில் கறுப்புக்குப் பக்கம் இரண்டு ரூபாய், கலருக்குப் பத்து. பில் போடும்போது கடைப் பையன் 35 கலர் என்கிறான். சண்டைக்கே போய்விட்டேன். அவன் பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினான்: துணைநூற்பட்டியலில் இணைய முகவரிகள் எல்லாம் நீல நிறத்தில் கிடக்கின்றன. பக்கத்தில் ஒரே ஒரு நீலக் கோடு இருந்தாலும் மெஷின் அதைக் கலர் பக்கமாகத்தான் எண்ணுமாம். பதினோரு பக்கம், ஆறு பிரதி, 528 ரூபாய் தண்டம். நீ கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடு. அப்புறம் வேர்டு ஃபைலைக் கொண்டுபோகாதே, எழுத்துருவோடு பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோ. கடைக் கணினியில் நம் எழுத்துரு இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கும். அதை நான் முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டேன், தப்பித்தேன்.

பைண்டிங்குக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குப் போனேன். வயதானவர், ஒற்றை ஆள். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து வைத்திருந்தார், பூச்சி வராமல் இருக்க. உதிரித் தாள்களை மடித்துத் தைக்க முடியாது என்பதால் இடது ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு நூல் கோக்கிறார். அந்தத் தையல் எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று கிட்ட நின்று பார்த்தபிறகுதான் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விடு என்று பல்கலைக்கழகம் கொடுத்த விதித்தாளில் ஏன் போட்டிருக்கிறார்கள் என்பதே புரிந்தது. மற்ற மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் போகும், பக்க எண்ணை ரொம்ப ஓரத்தில் வைத்தால் அதுவும் கூடவே போய்விடும். ரெக்சின் அட்டை போட்டு ஒன்றுக்கு 350. தங்க எழுத்து தமிழில் வேண்டுமென்றால் அதைப் பதிக்கிற அச்சை, பிளாக் என்பார்கள், தனியாகச் செய்ய வேண்டும் என்று 400 வாங்கினார். ஆக அச்சு 4,896, பைண்டிங் 2,100, பிளாக் 400, மொத்தம் 7,396.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆறையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனால், இந்தக் கட்டத்தில் சாதா அட்டை போதுமே, கெட்டி அட்டை வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்து திருத்தம் போட்ட பிறகுதானே என்கிறார்கள். விதித்தாளில் நாலாம் பக்கத்திலேயே இருந்ததாம். நான்தான் ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டேன். வைவாவில் 17 பக்கத்தில் திருத்தம் சொன்னார்கள். தைத்த புத்தகத்தில் பக்கத்தை மாற்ற முடியுமா? மறுபடியும் நாலு பிரதி முழுசாக அடித்தேன், பைண்டிங்கோடு 4,120. பிளாக்கைப் பெரியவர் எடுத்து வைத்திருந்ததால் அந்த 400 மட்டும் மிஞ்சியது. உங்கள் பல்கலைக்கழகத்தில் வழக்கம் வேறாக இருக்கலாம், விதித்தாளை கடைசிப் பக்கம் வரை படி. தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்கலாமா என்றும் கேள், விட்டால் தாள் பாதிதான். மற்றவர்கள் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிற ஒப்புமைச் சோதனையையும் அச்சுக்கு முன்னாலேயே முடித்துவிடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பத்து சதவீதம் வரை பிரச்சினை இல்லை, அதைத் தாண்டினால் திருத்தம், மறுபடியும் கடை.

எப்படியும் மின்படி, இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற சோத்கங்கா இணையதளத்தில் ஏறிவிடும், படிக்கிறவர்கள் அங்கேதான் படிக்கப்போகிறார்கள். தங்க எழுத்து பீரோவுக்குத்தான். ஆனாலும் கையில் வாங்கும்போது ஒரு கனம் இருக்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த நாலில் ஒன்று மலையில் எனக்குப் பாட்டுச் சொன்ன பெரியவருக்கு. செலவு எகிறிவிட்டதே என்று அந்த ஒரு பிரதியை மட்டும் முழுக்கக் கறுப்பிலேயே அடித்தேன், மிச்சம் 192 ரூபாய். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவருக்குப் படிக்கத் தெரியாது, தங்க எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நேரே படத்துக்குப் போனார். சேர்வராயன் கோயில் திருவிழாவில் அவர் மஞ்சள் துண்டோடு நிற்கிற படம் மையாகக் கிடந்தது. "இது நானா சாமி?" என்றார். கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார். அந்த இடத்தில் மட்டும் நீ மிச்சம் பிடிக்காதே. அந்த 24 பக்கத்தையும் கலரில் அடித்து வைத்திருக்கிறேன், காப்பிப் பழம் பறிப்பு தொடங்குவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

வீணான பிரதிகளின் பின்பக்கத்தில் மகள் கணக்குப் போட்டுத் தீர்க்கிறாள். உன்னுடையது மொத்தம் எத்தனை பக்கம், அதில் கலர் எத்தனை, எத்தனை பிரதி என்று எண்ணி எழுது. பைண்டிங் பெரியவரிடம் கேட்டு விலை சொல்கிறேன். இங்கேயே செய்வதென்றால் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா, பசை காய்கிற நேரத்தில் தட்டுவடை செட் சாப்பிடப் போகலாம்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்
சேலம்