சோற்றை விடாதே, அளந்து போடு

அன்புள்ள கண்ணு,

உன் சர்க்கரை ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றில் 148, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 236, எச்பிஏ1சி 7.8. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுவதால் வேறு லேபில் கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி 6.5 என்பதுதான் சர்க்கரை நோய்க்கான கோடு. நீ தாண்டிவிட்டாய். 7.8 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதமாக ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 177 பக்கம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரை மட்டும் இரண்டு வேளைக்கு எழுதியிருக்கிறார். சாப்பாட்டைச் சரி செய்தாலே நன்றாக இறங்குகிற நிலையில்தான் இருக்கிறாய்.

போனில் "இனிமே சோறே வேண்டாம்மா" என்றாயே, அந்தப் பேச்சை விடு. டயட் சார்ட் எழுதிய கை சொல்கிறது, கேள். சோற்றை அடியோடு விட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் நாலாம் நாள் சாயங்காலம் பசி தாங்காமல் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்வார்கள். அப்புறம் "எனக்கு டயட் ஒத்துவரலை" என்று பழையபடி குண்டான் சோற்றுக்குப் போய்விடுவார்கள். உனக்கு வேண்டியது அளவு.

உன் ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்பை எடு. அது 180 மில்லி. தலை தட்டிப் போட்டால் 150 கிராம் அரிசி பிடிக்கும். பொன்னி அரிசியில் நூற்றுக்கு 78 பங்கு மாவுச்சத்து. ராத்திரி நீ ஒருத்தனே ஒரு கப் பொங்கிச் சாப்பிட்டால் ஒரே வேளையில் 117 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. உன் உடம்பு இப்போது ஒரு வேளைக்கு 45 கிராம் அளவுக்குத்தான் சமாளிக்கும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பி. குழம்பிலும் பொரியலிலும் கொஞ்சம் இருக்கும், அதைக் கழித்துவிட்டால் சோற்றுக்கு மிஞ்சுவது 39 கிராம் மாவுச்சத்து. அதற்கு 50 கிராம் அரிசி, அதாவது அந்தக் கப்பில் மூன்றில் ஒரு பங்கு. வெந்தால் 130லிருந்து 150 கிராம் சோறு. இந்தக் கடிதத்தோடு வருகிற பையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் எடை போட்டுச் சாப்பிடு, அதற்குள் கண் பழகிவிடும். கண் அளவு மட்டும் நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போகும், அதனால் மாதம் ஒரு தரம் மறுபடி தராசில் வைத்துப் பார்.

சப்பாத்திக்கு மாறிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதே. 30 கிராம் மாவில் தேய்த்த ஒரு சப்பாத்தியில் 20 கிராம் மாவுச்சத்து. நாலு சப்பாத்தி 80. சோற்றைவிட நார்ச்சத்து கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நீ இருக்கிற ஊரில் கிடைக்கிற ராகி முத்தையும் (களி உருண்டை) அப்படித்தான். பெரிய உருண்டை ஒன்றுக்கு 100 கிராம் மாவு போய்விடும், மாவுச்சத்து 65 கிராமுக்குக் குறையாது. ராகி மால்ட் இன்னும் மோசம். நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் வயிற்றில் நிற்காமல் கடகடவென்று இறங்கும், சர்க்கரையும் அதே வேகத்தில் ஏறும். தட்டு இட்லி ஒன்று நம் வீட்டு இட்லி இரண்டரைக்குச் சமம், அதையும் கணக்கில் வை.

அடுத்தது எதை முதலில் சாப்பிடுகிறாய் என்பது. தட்டில் பாதிக்குக் காய், ஒரு 200 கிராம் வரும். கால் தட்டுக்குப் பருப்போ முட்டையோ மீனோ. மிச்சக் கால் தட்டில்தான் சோறு. காயையும் பருப்பையும் முக்கால்வாசி முடித்துவிட்டுச் சோற்றில் கை வை. நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரை ஒரேயடியாக எகிறாது. சாம்பாரைக் குழைய ஊற்றிப் பிசைந்து முதல் வாயே சோறாகப் போவது நம் வழக்கம். மாற்றுவது கஷ்டம்தான். ஆனால் பைசா செலவில்லாத மாற்றங்களில் இதற்குத்தான் பலன் அதிகம்.

பையில் ஒரு கிலோ கொள்ளு இருக்கிறது. கடைசல் செய்ய ஆளுக்கு 30 கிராம் போதும். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ராத்திரியே ஊறப் போடு. எட்டு மணி நேரம் ஊறாத கொள்ளு லேசில் வேகாது, வயிறும் உப்பும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் ஏழெட்டு விசில். வெந்த தண்ணீரை வடித்து ரசத்துக்கு எடுத்து வை. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி விதை, வரமிளகாய் வதக்கிச் சேர்த்துக் கடை. மிக்ஸியில் போடுவதானால் இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம், ஒன்றிரண்டாக இருக்கட்டும். கொள்ளிலும் மாவுச்சத்து உண்டு, நூற்றுக்கு 57. ஆனால் புரதம் 22 கிராம் இருக்கிறது, நார்ச்சத்தும் கூட, அதனால் மெதுவாகத்தான் ஏறும். கொள்ளு சர்க்கரையை "எடுத்துவிடும்" என்று எவராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு.

சாமை இரண்டு கிலோ, கொல்லிமலைச் சாமை. வெள்ளை வெளேர் என்று பாலீஷ் போட்டதை வாங்கினால் காசுக்குக் கேடு, கொஞ்சம் பழுப்பாக இருப்பதைப் பார்த்து வாங்கு. 100 கிராமில் மாவுச்சத்து 65 பக்கம், அரிசியைவிடக் குறைவுதான். நார்ச்சத்து இரண்டு மடங்குக்கு மேல். அதற்காக "சிறுதானியம்தானே" என்று மூன்று கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கணக்கு அரிசியிடமே வந்து நிற்கும். இதுவும் 50 கிராம்தான். அரை மணி ஊறவைத்து வடித்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். குக்கர் அணைந்ததும் கிளறாமல் பத்து நிமிஷம் மூடி வை, அவசரப்பட்டுக் கிளறினால் களியாகிவிடும்.

இனி நம்ம ஊர் வில்லன். சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிகள் சூழ்ந்த சேலத்தில் பிறந்துவிட்டு ஜவ்வரிசியைத் திட்டுவது பாவம்தான், ஆனாலும் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, நாரையெல்லாம் கழித்து, வெறும் ஸ்டார்ச்சை உருட்டி வறுத்ததுதான் ஜவ்வரிசி. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 90 மாவுச்சத்து, புரதம் என்று பேருக்குக் கூட இல்லை. காய்ச்சல் வந்தால் ஜவ்வரிசிக் கஞ்சி என்பது நம் வீட்டுப் பழக்கம், இனி உனக்கு அது ஆகாது. காய்ச்சலில் சர்க்கரை தானாகவே ஏறும். அதன் மேல் இந்தக் கஞ்சி போனால் 300ஐப் பார்ப்பாய். கெட்டியில்லாத பாசிப்பருப்புக் கஞ்சியோ மோர் விட்ட சோறோ அளவாகப் போதும்.

தட்டுவடை செட்டும் அட்டையாம்பட்டி முறுக்கும் இந்தப் பையில் வரவில்லை, தேடாதே. ஊருக்கு வரும்போது கடையில் நின்று இரண்டு செட் தின்றுவிட்டுப் போ, நான் பார்க்காத மாதிரி இருப்பேன். கேரட், பீட்ரூட் துருவல் இருப்பதால் ஆரோக்கியம் என்று மட்டும் வாதம் பண்ணாதே. முறுக்கை நொறுக்கிப் போட்டுத் தருகிற நொறுக்கலுக்கும் இதே தீர்ப்பு. அறையில் டப்பா நிறைய வைத்துக்கொண்டால் எண்ணிக்கை நிற்காது, அதனால்தான் அனுப்பவில்லை. சாயங்காலப் பசிக்கு அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, இல்லாவிட்டால் பச்சைப்பயறு சுண்டல்.

மாம்பழம் பற்றி நீ கேட்கவில்லை, கேட்கப் பயந்திருப்பாய். சாப்பிடலாம். 100 கிராம் சதையில் 15 கிராம் மாவுச்சத்து. ஆனால் மல்கோவா ஒன்று அரைக் கிலோ வரை வரும், ஒரே ஆள் ஒரு பழத்தை முடித்தால் ஒரு வேளைச் சோறு அதிலேயே போய்விடும். நாலு துண்டு, அதுவும் முழுச் சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டாம். அன்றைக்குச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டுச் சாப்பிடு. ஜூஸ் கூடவே கூடாது. ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட் உனக்கு நல்ல பழம், சர்க்கரையே இல்லை என்று சொல்லலாம், கொழுப்பு இருப்பதால் பாதிப் பழம் போதும். அங்கே ஜூஸ் கடையில் அதில் பாலும் சீனியும் கொட்டி அடித்துக் கொடுப்பார்கள், அந்தப் பக்கம் போகாதே.

காப்பி ஏற்காட்டுத் தூள்தான், அரைக் கிலோ வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு காப்பி, காப்பிக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சீனி. வாரம் அரை ஸ்பூனாகக் குறை, ஒரு மாதத்தில் நாக்கு சீனியை மறந்துவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, செவ்வாய்ப்பேட்டை மண்டி வெல்லம் எதுவானாலும் ரத்தத்துக்குப் பேதம் தெரியாது.

இப்போது மெஷின். இதைத்தான் நீ கவனமாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் நான் மேலே எழுதியதெல்லாம் பொதுக் கணக்கு, உன் உடம்பின் கணக்கு மெஷினில்தான் தெரியும். தினமும் வெறும் வயிற்றில் மட்டும் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தச் சாப்பாடு ஏற்றியது என்று தெரியாது. ஜோடியாகப் பார். சாப்பிட உட்காரும்போது ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. வித்தியாசம் 50க்குள் இருந்து, இரண்டாவது எண் 180ஐத் தாண்டாவிட்டால் அந்தச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறது. தாண்டினால் அதே சாப்பாட்டில் சோற்றை மட்டும் 20 கிராம் குறைத்து இன்னொரு நாள் பார். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று புரியாது. வாரத்தில் மூன்று ஜோடி போதும், ஸ்ட்ரிப் விலை எனக்குத் தெரியும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்து. பழம் உரித்த விரலில் குத்தினால் தோலில் ஒட்டியிருக்கிற சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. சொட்டு வரவில்லை என்று பிதுக்கித் தள்ளாதே, கையைக் கீழே தொங்கவிட்டால் தானாக வரும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடு, ஈரக்காற்று பட்டால் கெட்டுப்போகும். நல்ல மெஷினுக்கும் 15 சதவீதம் முன்பின் உண்டு. 148 நேற்று, 156 இன்று என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை.

வெறும் வயிற்று எண்தான் கடைசியில் இறங்கும். விடியற்காலையில் கல்லீரல் தன் பங்குக்குச் சர்க்கரையை ரத்தத்தில் விடும், அதற்கு நீ ராத்திரி பட்டினி கிடப்பது மருந்தல்ல. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடி, முடித்ததும் 15 நிமிஷம் நட. எண் ஒரு மாதத்தில் 130க்குள் வரவில்லையானால் டாக்டரிடம் சொல்.

எடை 84 என்று எழுதியிருக்கிறாய். ஏழெட்டு கிலோ குறைந்தாலே மாத்திரைக்குப் பாதி வேலை மிச்சம். பிரிட்டனில் 2017-ல் வெளிவந்த டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களை டாக்டர் மேற்பார்வையில் கடுமையாக எடை குறைக்க வைத்தார்கள். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கோட்டுக்குக் கீழே நின்றது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும், அதையும் தெரிந்துகொள். அவர்கள் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடித்த மாதிரிப் பவுடரை நீயாக வாங்கிக் குடிக்க வேண்டாம்.

மாத்திரை சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே. முதல் இரண்டு வாரம் வயிறு கலங்கலாம், நிறுத்தாதே. தாங்கவில்லை என்றால் மெதுவாகக் கரைகிற ரகம் இருக்கிறது, டாக்டரிடம் கேள். மெட்ஃபார்மின் மட்டும் போட்டால் சர்க்கரை ரொம்பத் தாழ்வது அபூர்வம். பின்னால் கிளிமிபிரைடு மாதிரி ஏதாவது சேர்த்தால் மட்டும், சோற்றை அளந்துதான் சாப்பிடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அந்த மாத்திரையில் கை நடுங்கி, வேர்த்து, 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடி, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார். கூட இருக்கிற பையன்களிடமும் இதைச் சொல்லி வை. ஒளிக்கிற விஷயம் இல்லை கண்ணு, 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் கணக்கில் நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது.

எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும், அதற்கு முன்னால் பார்ப்பது தண்டச் செலவு. இந்த மாதத்திலேயே முடிக்க வேண்டியது: சிறுநீரில் அல்புமின், கிரியேட்டினின், கொழுப்பு, பிரஷர், பாதம், கண். இரண்டாம் வகைச் சர்க்கரை கண்டுபிடிப்பதற்கு வெகு நாள் முன்பே உள்ளே ஆரம்பித்திருக்கும், அதனால் "இப்பத்தானே வந்தது" என்று கண்ணைத் தள்ளிப்போடாதே. கண் பாப்பாவை விரிக்க மருந்து விட்டுத்தான் விழித்திரையைப் பார்க்க வேண்டும், வெறும் கண்ணாடிப் பவர் டெஸ்ட் கணக்கில் வராது. மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அன்றைக்குப் பைக்கை எடுக்காமல் ஆட்டோவில் போய்விட்டு வா.

அம்மா